டிஸ்க் ப்ளேயர் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசல் அறையில் ஒரு மேஜை, ஒரு டேபிள் லைட், ஒரு பழைய டிவி. பன்னிரண்டு வருடமாக அங்கேதான் டிஸ்க் ப்ளேயர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று அக்கம்பக்கத்திலிருந்து துணிப்பையில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். புதுப் படம் பார்ப்பதற்காக யாரும் இதைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. வீட்டுக் கல்யாணம், பெண்ணின் மஞ்சள் நீராட்டு, சர்ச் பாட்டுக் குழு, தாத்தா ஆடிய கேரம் போட்டி, இதெல்லாம் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது. போனில் தேடினால் கிடைக்காது. அதனால்தான் பழைய ப்ளேயரை விட மனமில்லாமல் வருகிறார்கள். அதனால்தான் நானும் இதை விடவில்லை.

உங்கள் ப்ளேயர் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், செலவு வைப்பது கடைசியில். வரிசையைத் தாண்ட வேண்டாம். லென்ஸ் மாற்றிய பிறகு, டிவிக்குப் படம் கொண்டுபோகும் மஞ்சள் பின் லூஸாக இருந்ததுதான் காரணம் என்று தெரிந்து வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எதையும் தொடுமுன் இரண்டு கேள்வி

வாரண்டி இருக்கிறதா? இருந்தால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே வேண்டாம். பின்பக்கத்திலோ அடியிலோ ஒரு ஸ்க்ரூவின் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது கிழிந்திருந்தால் சர்வீஸ் சென்டரில் முதல் கேள்வியே அதுதான். கீழே நான் 'மூடியைத் திறந்து' என்று சொல்லும் இடமெல்லாம் வாரண்டி முடிந்த ப்ளேயருக்கு மட்டும். வாரண்டி உள்ளவர்கள் வெளிச் சோதனைகளை முடித்துவிட்டு நேராக வாரண்டித் தலைப்புக்கு வந்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி, நீங்கள் போட்டுப் பார்க்கிற டிஸ்க்குக்கு வேறு காப்பி உண்டா? இல்லையென்றால் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, போனால் போகட்டும் என்கிற ஒரு டிஸ்க்கை வைத்துச் சோதியுங்கள். ப்ளேயர் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

அறிகுறி: பவரே வரவில்லை

முதலில் ப்ளக்கை வேறு பாயின்டில் செருகிப் பாருங்கள். ஜங்ஷன் பாக்ஸ் வழியாகச் செருகியிருந்தால் அதை விட்டுவிட்டுச் சுவர் பாயின்டிலேயே செருகுங்கள். டிவி, செட்டாப் பாக்ஸ், சார்ஜர் எல்லாம் தொங்கும் பழைய ஜங்ஷன் பாக்ஸில் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு அகன்றுபோய் ஒரு ஓட்டை மட்டும் பிடிக்காமல் இருக்கும்.

ப்ளேயரின் பவர் கார்டு, அதாவது கரண்ட் ஒயர், கழற்றி மாட்டும் வகையா? பின்பக்கம் அழுத்திச் செருகுங்கள். அதே மாதிரி ஒயர் வேறு சாமானுக்கு இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

முன்னால் சிவப்பு லைட் எரிகிறது, ஆனால் ஆன் ஆகவில்லை என்றால் அது ஸ்டான்ட்பை. ரிமோட்டை விட்டுவிட்டு ப்ளேயரில் உள்ள பட்டனை அழுத்துங்கள். அதில் ஆன் ஆனால் பிரச்சினை ரிமோட்டில்.

ஆன் ஆகி, டிஸ்க் சுற்ற ஆரம்பித்ததும் அணைந்து, மறுபடி ஆன் ஆகிறதா? பெரும்பாலும் பவர் சப்ளை போர்டில் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன உருளை) உப்பியிருக்கும். லைட் எரிய வேண்டிய மின்சாரம் கிடைக்கும், மோட்டார் சுற்றும்போது தாங்காது. ஒருவேளை வீட்டில் ட்யூப் லைட்டும் சேர்ந்து மினுக்கினால் கோளாறு லைனில் இருக்கிறது. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் போட்டுச் சொல்லிவிட்டு லைன் சரியாகும்வரை ப்ளேயரின் ப்ளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

தீய்ந்த வாடை வந்தால் அதோடு நிறுத்துங்கள். மறுபடி ஆன் செய்து பார்க்க வேண்டாம். ஃபியூஸை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஃபியூஸ் போவதற்கு ஒரு காரணம் இருக்கும். இந்த போர்டில் 230 வோல்ட் ஏசி டிசியாக மாறி ஏறத்தாழ 325 வோல்ட்டாகப் பெரிய கெப்பாசிட்டரில் நிற்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். சால்டரிங் பழகாதவர்கள் இதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுவதுதான் சரி.

அறிகுறி: டிரே வெளியே வரவில்லை, அல்லது வந்ததும் உள்ளே போய்விடுகிறது

ஸ்க்ரீனில் 'லாக்' என்று வருகிறதா பாருங்கள். சில மாடல்களில் குழந்தைகள் திறக்காமலிருக்க டிரே லாக் உண்டு. ரிமோட்டில் பட்டன் தவறி அழுந்தியிருக்கும், எடுக்கும் விதம் கையேட்டில் இருக்கும். லாக் இல்லையென்றால் ப்ளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்துச் செருகி, வேறு எதையும் தொடாமல் டிரே பட்டனை மட்டும் அழுத்துங்கள்.

'விர்ர்' என்று மோட்டார் சத்தம் கேட்கிறது, டிரே நகரவில்லை. இது பெல்ட். பார்ப்பதற்குச் சின்ன ரப்பர் வளையம். வருடக்கணக்கில் நம் ஊர்ச் சூட்டில் கிடந்து தளர்ந்துபோகும், அல்லது பிசுபிசுத்துவிடும். பட்டனை அழுத்தும்போதே டிரேயின் உதட்டை நகத்தால் மெல்ல இழுத்துக் கொடுத்தால் வந்துவிடும். வந்தால் பெல்ட்தான் என்று உறுதி. வாரண்டி முடிந்திருந்தால் புது பெல்ட் போடுங்கள், மிகக் குறைந்த விலைதான். பழைய பெல்ட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்து வைத்து அளவு பார்த்து வாங்க வேண்டும். மளிகைக் கடை ரப்பர் பேண்ட் போட்டு வருபவர்கள் உண்டு. இரண்டு வாரத்தில் அறுந்து கியருக்குள் சுற்றிக்கொள்ளும். அதன் பிறகு முழு டிரே பாகத்தையே மாற்ற வேண்டிவரும்.

மோட்டார் சத்தமே இல்லை என்றால் மோட்டாரோ போர்டோ, கடைக்குத்தான். உள்ளே கரப்பான் முட்டை, பல்லி, இரண்டு டிஸ்க் ஒன்றாகச் சிக்கியது எல்லாம் கண்டிருக்கிறேன். எதுவானாலும் கத்தி விட்டு நெம்பாதீர்கள்.

அறிகுறி: 'நோ டிஸ்க்' என்று காட்டுகிறது

வருகிறவர்களில் அதிகம் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள். வந்ததும் சொல்வது, "லென்ஸ் போச்சுன்னு சொல்லிட்டாங்க தம்பி." லென்ஸ் போயிருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

எல்லா டிஸ்க்குக்குமா, ஒரு டிஸ்க்குக்கு மட்டுமா? குறைந்தது மூன்று டிஸ்க் போடுங்கள்: கடையில் வாங்கிய ஒரிஜினல் டிவிடி ஒன்று, ஆடியோ சிடி ஒன்று, ஸ்டுடியோவிலோ வீட்டிலோ எழுதியது ஒன்று. அதன் பிறகு வழி பிரியும்.

ஒரே ஒரு டிஸ்க் மட்டும் ஓடவில்லை

டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடு ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. குறுக்குக் கீறலை ப்ளேயர் ஓரளவு தானே ஈடுகட்டிவிடும், வட்டக் கீறல் ஓடும் தடத்தோடேயே போவதால் சமாளிக்காது. பிசுக்கு போகவில்லையா, சோப்பு கரைத்த தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். பேஸ்ட் போட்டுத் தேய்க்கிற பழக்கம் வேண்டாம். சிடியாக இருந்தால் மேல்பக்கத்தைத்தான் இன்னும் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும். எழுத்து இருக்கும் பக்கத்துக்கு மிக அருகில்தான் பதிவு இருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறினால் எந்தக் கடையிலும் சரிசெய்ய முடியாது.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒரிஜினல் டிஸ்க்கா? எந்த நாடுகளில் ஓடும் என்று காட்டும் ரீஜன் எண்ணைப் பாருங்கள். டிவிடியில் இந்தியா 5, ப்ளூரேயில் சி. அட்டையின் பின்னால் சின்ன உலக உருண்டைப் படத்துக்குள் எண் இருக்கும். பொருந்தாவிட்டால் ப்ளேயரில் குறையில்லை.

கம்ப்யூட்டரில் எழுதிய டிஸ்க்கா? எழுதியவர் ஃபைனலைஸ் (மற்ற ப்ளேயரும் படிக்கும்படி பதிவை முடித்து மூடுவது) செய்யாமல் விட்டிருந்தால் அவர் மெஷினில் ஓடும், உங்களுடையதில் ஓடாது. அவரிடமே திருப்பிக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

இனி கல்யாண டிஸ்க். காசிமேட்டிலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். இரண்டு இடத்தில் லென்ஸ் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் ப்ளேயரில் என்னிடமிருந்த டிஸ்க்கைப் போட்டேன், சுத்தமாக ஓடியது. அவருடைய டிஸ்க்கைப் போட்டேன். வேகம் எடுத்தது, தடதடவென்று அதிர்ந்தது, மெல்ல இறங்கியது, 'நோ டிஸ்க்'. எடுத்து மேஜையில் கண்ணாடியின் மேல் வைத்து ஓரத்தைத் தொட்டால் ஆடியது. மேல்பக்கம் முழுக்க மணமக்கள் போட்டோ ஸ்டிக்கர். கடற்கரைக் காற்றில் பல வருடம் இருந்ததில் தாள் ஈரம் குடித்து ஒருபக்கம் நகக்கண் அளவுக்கு எழும்பியிருந்தது, மாப்பிள்ளை தோளுக்கு அடியில் ஒரு கொப்புளம். அந்தப் பாரம் ஒருபக்கமாக இழுப்பதில் டிஸ்க் நேராகச் சுற்றவில்லை. ப்ளேயருக்கு அதைப் படிக்க முடியவில்லை. லென்ஸில் ஒன்றுமே இல்லை.

"ஸ்டிக்கரைப் பிச்சுடட்டா தம்பி?" என்று கேட்டார். நல்ல வேளை, கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தார். பிய்க்கக் கூடாது. எழுதிய சிடியில் ஸ்டிக்கரை உரித்தால் அதோடு வெள்ளித் தகடும் உரிந்து வந்துவிடும். அந்த இடத்தில் இருந்தது போனது போனதுதான். டிவிடியில் பதிவு இரண்டு ப்ளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு, ஆனாலும் உரிக்கும்போது வளைந்து தகடு பிரிந்தால் முடிந்தது. தாளை மெதுவாக அமுக்கி, கம்ப்யூட்டர் டிரைவில் போட்டு, மிகக் குறைந்த வேகத்தில் படிக்கவிட்டேன். முதல் டிரைவ் முழுதாகப் படிக்கவில்லை. வேறு கம்பெனி டிரைவ் ஒன்றில் படித்தது. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும், அதனால் ஒன்றோடு கைவிட வேண்டாம். பென் டிரைவில் ஒன்று, ஸ்டிக்கர் ஒட்டாத வெறும் டிஸ்க்கில் இரண்டு என்று எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வீடுகளில் வைக்கச் சொன்னேன்.

உங்கள் வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க் இருந்தால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்த வாரமே காப்பி எடுத்துவிடுங்கள். எழுதிய டிஸ்க்கின் அடிப்பக்க ஊதா நிறம் மங்கியோ, விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கறைபோல் பரவியோ இருந்தால் நாளைக்கே.

சிடி ஓடுகிறது, டிவிடி ஓடவில்லை, அல்லது தலைகீழாக

ஒரு தகவல் மட்டும் தெரிந்தால் போதும். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. இரண்டும் ஒரே பிக்கப்புக்குள் (லேசரும் லென்ஸும் சேர்ந்த பாகம்) இருந்தாலும் தனித்தனியாகப் பழுதாகும். ஒரு வகை மட்டும் தொடர்ந்து ஓடவில்லை என்றால் அந்த லேசர் மங்கிவிட்டது. துடைத்துப் பார்த்து, சரியாகாவிட்டால் பிக்கப் மாற்ற வேண்டியதுதான்.

எந்த டிஸ்க்கும் ஓடவில்லை

மழைக்காலத்தில் இப்படி ஆனால் ஒரு மணி, இரண்டு மணி நேரம் டிஸ்க் இல்லாமல் ஆன் செய்து வையுங்கள். ஏசி அறையிலிருந்து ஹாலுக்குக் கொண்டுவந்தாலும் லென்ஸில் ஆவி படியும். காய்ந்ததும் தானே ஓடும்.

அடுத்து லென்ஸ் துடைப்பு. பிரஷ் வைத்த க்ளீனர் டிஸ்க் கடையில் கிடைக்கும். கையேட்டில் 'வேண்டாம்' என்று இருந்தால் போடாதீர்கள். வாரண்டி முடிந்திருந்தால், ப்ளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரம் கழித்து மூடியைத் திறங்கள். பவர் போர்டு பக்கம் கை போகக் கூடாது. டிஸ்க் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் பருப்பு அளவில் ஒரு கண்ணாடி மணி. டார்ச்சைச் சாய்த்து அடித்தால் நல்ல லென்ஸ் நீலமாய் மினுங்கும். கடற்கரை வீட்டு லென்ஸ் கண்ணாடியில் ஊதியது மாதிரி மங்கித் தெரியும். அது உப்பும் தூசியும் சமையல் புகையும் சேர்ந்த படலம். காது பட்ஸில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை ஈரம் தெரியும் அளவுக்கு மட்டும் தொட்டு, லென்ஸை அழுத்தாமல், நடுவிலிருந்து வெளியே ஒரு சுற்று. காய்ந்த பட்ஸால் இன்னொரு சுற்று. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, கொஞ்சம் ஆடும், அது சரிதான். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர், சானிடைசர் எதுவும் கூடாது. மூடி திறந்திருக்கும்போது ஆன் செய்து லென்ஸுக்கு நேராகக் கண்ணை வைக்கவே கூடாது.

துடைத்தும் ஓடவில்லையா? அப்போது இரண்டே வழி. டிஸ்க் சுற்றவே இல்லை என்றால் சுற்றும் மோட்டார், ரிப்பன் கேபிள், அல்லது பிக்கப்பே. சுற்றி நின்றுவிடுகிறது என்றால் பிக்கப். எதுவானாலும் கடைக்காரர் வேலை. பிக்கப்பின் மேலேயே மாடல் எண் அச்சிட்டிருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். ப்ளேயரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் தவறான பிக்கப் கைக்கு வரும். ஒரு விஷயம் கடைக்காரருக்கே மறந்துபோகும்: புதுப் பிக்கப் வரும்போது கையிலிருக்கும் ஸ்டாட்டிக் (நிலைமின்சாரம்) தாக்கி லேசர் போய்விடாமலிருக்க ஒரு துளி சால்டரால் ஷார்ட் செய்து அனுப்புவார்கள். மாட்டியதும் அதை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் புதுப் பிக்கப்பும் 'நோ டிஸ்க்' என்றுதான் காட்டும்.

அறிகுறி: நடுவில் நிற்கிறது, படம் கட்டம் கட்டமாக உடைகிறது

எப்போதும் அதே காட்சியில் நிற்கிறதா? டிஸ்க்தான். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்திலா? ப்ளேயர்.

ஒற்றை லேயர் டிஸ்க், அதாவது பதிவு ஒரே அடுக்கில் இருப்பது, உள்ளேயிருந்து வெளியே நோக்கிப் படிக்கப்படும். படத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் தொல்லை என்றால் விளிம்பைப் பாருங்கள், கை பிடித்த இடமெல்லாம் அங்கேதான். ஆரம்பிக்கவே மறுத்தால் நடு ஓட்டைக்குப் பக்கத்து வளையத்தைத் துடையுங்கள். இரட்டை லேயர் டிவிடியில் நடுவே ஒரு கணம் படம் உறைந்து மறுபடி ஓடுவது இயல்பு, அதைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, அப்புறம் உடைய ஆரம்பிக்கிறதா? சூடு. ப்ளேயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செட்டாப் பாக்ஸ் மேல் ப்ளேயர், ப்ளேயர் மேல் பூப்போட்ட விரிப்பு, இதைத்தான் பல வீடுகளில் பார்க்கிறேன். தனியாக, நான்கு பக்கமும் நான்கு விரல் இடைவெளி விட்டு வைத்து ஒரு படம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். அப்படியும் உடைந்தால் லேசர் சோர்ந்துவிட்டது, அல்லது லென்ஸ் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்துவிட்டது. கிரீஸ் என்றால் செலவு குறைவு. கடைக்காரரிடம் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: படம் அல்லது சத்தம் சரியில்லை

படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது. புது டிவி வாங்கிய வீடுகளில் இது அடிக்கடி. பல டிவிகளில் மஞ்சளுக்குத் தனி ஓட்டை கிடையாது, பச்சை ஓட்டையே இரண்டுக்கும் பொது. மஞ்சள் பின்னை அதில் செருகி, டிவியில் இன்புட்டை 'ஏவி' என்று மாற்றுங்கள். 'காம்போனென்ட்' என்று இருந்தால் கறுப்பு வெள்ளைதான். அதன் பிறகும் நிறம் வராவிட்டால் ப்ளேயர் செட்டிங்கில் டிவி டைப்பை 'பால்' (PAL, நம் நாட்டு டிவி முறை) அல்லது 'ஆட்டோ' என்று வையுங்கள்.

படமே வரவில்லை, லோகோகூட இல்லை. ரிமோட்டில் 'பி-ஸ்கேன்' அல்லது 'வி-மோட்' என்று ஒரு பட்டன் இருந்தால் டிஸ்க் இல்லாமல் அதை ஒவ்வொரு தடவையாக அழுத்திக் காத்திருந்து பாருங்கள். பேரப்பிள்ளைகள் கையில் ரிமோட் போன வீடுகளில் இதுதான் காரணமாக இருந்திருக்கிறது.

புது டிவியில் மூன்று ஓட்டைக்குப் பதில் சின்னதாக ஒரு 3.5 மி.மீ. ஓட்டை மட்டும் உண்டா? டிவியோடு வந்த கேபிளையே தேடி எடுங்கள். வெளியில் வாங்கும் கேபிளில் உள்வரிசை மாறியிருந்தால் படம் வரவேண்டிய இடத்தில் சத்தம் வரும்.

பாட்டு இசை கேட்கிறது, பேச்சு மட்டும் இல்லை. ப்ளேயர் 5.1 (ஆறு ஸ்பீக்கர் முறை) என்று வைக்கப்பட்டிருக்கும், உங்களிடம் இருப்பதோ இரண்டு ஸ்பீக்கர். வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அந்த ஸ்பீக்கர் வீட்டில் இல்லை. ஆடியோ செட்டிங்கில் ஸ்டீரியோ, அல்லது இரண்டு சானல் என்று மாற்றுங்கள். கரோக்கே ஆனில் இருந்தாலும், 3.5 மி.மீ. பின் பாதி மட்டும் செருகியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

கரகரப்பு, விட்டு விட்டு வருவது: ராயபுரம், காசிமேடு, எண்ணூர் வீடுகளில் பின்பக்கப் பின்களில் பச்சை பூத்திருக்கும். ப்ளக்கைப் பிடுங்கி, பின்னை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, ஓட்டையில் செருகி இடமும் வலமும் பத்துத் தடவை திருகுங்கள். பெரும்பாலும் அதோடு தீரும்.

அறிகுறி: ரிமோட் வேலை செய்யவில்லை, பென் டிரைவ் படிக்கவில்லை

ரிமோட்டின் மூக்கைப் போனின் முன்கேமராவுக்கு நேரே பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். ஊதாவாய் ஒளி மினுக்கினால் ரிமோட் நன்றாக இருக்கிறது, கோளாறு ப்ளேயரில். மினுக்கவில்லையா, பேட்டரி, பிறகு பேட்டரி ஸ்பிரிங்கில் துரு.

பென் டிரைவை 'ஃபேட்32' முறையில் ஃபார்மேட் செய்யுங்கள், மற்ற முறைகளை இந்த ப்ளேயர்கள் பல படிக்காது. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அழியும், முதலில் காப்பி எடுங்கள். போனில் எடுத்த வீடியோ ஓடாதது பழுது கிடையாது, அந்த வகை வீடியோ இந்த ப்ளேயருக்குத் தெரியாது.

தண்ணீர் புகுந்த ப்ளேயர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் மழைக்குப் பிறகு புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடியிலிருந்து வரிசையாக வந்தன. எண்ணூர் கழிமுகப் பக்கத்து வீடுகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்திருந்தது. காய்ந்துவிட்டது என்று ஆன் செய்து பார்த்தவர்களின் போர்டு அப்போதுதான் எரிந்தது. தண்ணீர் பட்டதை ஆன் செய்யாமல் கொண்டுவந்தால் சிலவற்றையாவது கழுவிக் காப்பாற்ற முடிகிறது. வாரண்டியில் வெள்ளச் சேதம் சேராது. டிஸ்க்குகள் மட்டும் நல்ல தண்ணீரில் அலசி, தனித்தனியாக நிழலில் காயவைத்தால் பெரும்பாலும் பிழைக்கும். ஒன்றன் மேல் ஒன்றாக ஈரத்தோடு அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும்.

வாரண்டியில் சரிசெய்ய

பில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பர்மா பஜாரில் பில் இல்லாமல் வாங்கிய ப்ளேயருக்குக் கம்பெனி வாரண்டி எதிர்பார்க்க முடியாது. வாரண்டி கார்டில் டீலர் சீலும் தேதியும் இருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் கடை திறந்திருக்கும்போதே போய் வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் பில்லை இறக்கி அச்செடுத்து வையுங்கள். தெர்மல் தாள் பில் ஒரே வருடத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்தால் நல்லது.

கம்பெனி நம்பரைக் கையேட்டிலோ வாரண்டி கார்டிலோ இருந்துதான் எடுக்க வேண்டும். இணையத்தில் தேடினால் முதலில் வரும் 'கஸ்டமர் கேர்' நம்பர்களில் மோசடி நிறைய. ஓடிபி கேட்டாலோ, போனில் ஏதாவது ஆப் போடச் சொன்னாலோ அந்த நிமிடமே வைத்துவிடுங்கள்.

போன் செய்யும்போது கேட்க வேண்டியது: வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா? பிக்கப், ரிமோட், கேபிள் வாரண்டியில் சேருமா? புகார் எண் என்ன? எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள்.

கொண்டுபோகுமுன் பழுதை ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். பின்னால் உள்ள சீரியல் நம்பர் ஸ்டிக்கர், கிழியாத வாரண்டி ஸ்டிக்கர், ப்ளேயரின் நான்கு பக்கம், எல்லாம் போட்டோவில் இருக்கட்டும். டிரேயில் டிஸ்க் இருக்கிறதா பாருங்கள். சிக்கிக்கொண்டு எடுக்க முடியவில்லை என்றால் ஜாப் ஷீட்டில் (ரிப்பேருக்கு வாங்கும்போது அவர்கள் தரும் சீட்டு) 'உள்ளே ஒரு டிஸ்க், திருப்பித் தர வேண்டும்' என்று எழுதவைத்துக் கையெழுத்து வாங்குங்கள். சர்வீஸ் முடிந்து ப்ளேயர் வந்து, டிஸ்க் வராமல் அழுதவரை எனக்குத் தெரியும். பில்லின் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் போட்டோக்கள் எனக்கே உதவின. தங்கைக்கு வாங்கிக் கொடுத்த ப்ளேயர் எட்டாவது மாதம் டிரே திறக்காமல் போயிற்று. நான் திறக்கவில்லை, சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோனேன். நான்கு நாள் கழித்து, "உள்ளே ஈரம் இறங்கியிருக்கு சார், வாரண்டி வராது" என்றார்கள். வாதாடவில்லை. அதையே ஜாப் ஷீட்டில் எழுதி, எந்த பாகத்தில் ஈரம் என்று குறித்து, சீல் வைத்துத் தரும்படி கேட்டேன். எழுதித் தர மறுத்தார்கள். அன்றைக்கே கம்பெனிக்கு மின்னஞ்சல், வீடியோவும் போட்டோவும் இணைத்து. பதில் வராததால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். மூன்றாவது வாரம் டிரே பாகத்தை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். வாயால் சொல்லும் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

1915-இலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நம் பகுதிக்குச் சென்னை வடக்கு. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். அங்கே எடுபடுவது பில், ஜாப் ஷீட், மின்னஞ்சல், போட்டோ.

வாரண்டி முடிந்தபின் கடைக்குப் போகும்போது

ரிப்பேர் செலவு புது ப்ளேயர் விலையில் பாதியைத் தாண்டினால் நான் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறேன். போர்டு போனது, தண்ணீர் புகுந்தது, ஒரே வருடத்தில் இரண்டாவது பிக்கப், இவை மூன்றுக்கும் அதுதான் பதில். அந்தப் பணத்தில் கம்ப்யூட்டரில் மாட்டும் யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கினால் வீட்டு டிஸ்க் எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிடலாம்.

பாகம் வாங்க ரிச்சி தெருதான். திருவொற்றியூர், தண்டையார்பேட்டையிலிருந்து நீல வழி மெட்ரோவில் ஏறினால் மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். மாற்றிய பாகத்துக்கு எத்தனை நாள் கேரண்டி என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பணம் கொடுக்குமுன் கடையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைக்காரரின் டிஸ்க் போதாது. வீட்டில் எந்த டிஸ்க்கில் தகராறு வந்ததோ அதன் காப்பியைக் கொண்டுபோங்கள். முதல் காட்சி, நடு, கடைசி என்று மூன்று இடத்தில் ஓட்டுங்கள். சிடி ஒன்று, டிவிடி ஒன்று. டிரேயை ஐந்து தடவை திறந்து மூடுங்கள். கடைசிக் காட்சி நிற்காமல் ஓடினால் டிஸ்க்கை எடுத்துப் பையில் வைத்துவிட்டு, அப்புறம் பர்ஸை எடுங்கள்.